சரக்கறிவுப் பாடம்: வெந்நீர்த் தொட்டியின் தண்ணீரும் விற்பவர் பொறுப்பும்



இம்மாதப் பாடத்திற்கு வேறொரு சரக்கைத்தான் எடுத்து வைத்திருந்தேன். சென்ற கூட்டம் முடிந்து தேநீர் அருந்திக்கொண்டிருந்தபோது, சானிட்டரி கடை நடத்தும் உறுப்பினர் ஒருவர் கேட்ட கேள்வி அதை மாற்றிவிட்டது. "அண்ணாச்சி, கடை முகப்பில் ஒரு ஹாட் டப் வைத்திருக்கிறேன். தண்ணீரை நிரப்பி, சூடேற்றி, குமிழி விட்டுக் காட்டினால்தான் ஜனங்கள் நின்று பார்க்கிறார்கள். ஆனால் பத்து நாளில் தண்ணீர் கலங்கி வழுவழு என்று ஆகிவிடுகிறது. எந்தப் பவுடரைப் போட்டால் நிற்கும்?" என்றார்.

இப்போது என்ன போடுகிறீர்கள் என்று கேட்டேன். "ஒன்றும் போடுவதில்லை. யாரும் அதில் குளிப்பதில்லையே, வெறும் பார்வைக்குத்தானே!" என்று சிரித்தார்.

என்னால் சிரிக்க முடியவில்லை. குளிக்காத தொட்டிக்கு மருந்து வேண்டாம் என்ற அந்த ஒரு நினைப்பு வெளிநாடுகளில் பல உயிர்களைக் குடித்திருக்கிறது. இறந்தவர்களில் பலர் கடைக்கோ கண்காட்சிக்கோ வந்துபோன வாடிக்கையாளர்கள். ஆகவே சரக்கின் ரகம், விலை பற்றிப் பேசுவதற்கு முன் அதைச் சொல்லிவிடுகிறேன்.

பார்த்தவர்களுக்கு வந்த நோய்

1999 பிப்ரவரி மாதம் நெதர்லாந்து நாட்டில் போவன்கார்ஸ்பெல் என்னும் ஊரில் பெரிய மலர்க் கண்காட்சி ஒன்று நடந்தது. நம்மூர்ப் பொருட்காட்சி போலவே அங்கும் ஒரு கூடத்தில் வீட்டு உபயோகப் பொருள்களை வைத்து விற்றார்கள். அங்கே நீர்ச்சுழல் தொட்டிகளை ஓடவிட்டுக் காட்டினார்கள். மலர் பார்க்க வந்த கூட்டம் அதையும் பார்த்துவிட்டுப் போயிற்று. சில நாள்களில் சுமார் 200 பேருக்குக் கடுமையான நிமோனியா கண்டது. 32 பேர் இறந்தனர். ஆராய்ந்ததில், கிருமி பரவியது காட்சிக்கு வைத்த தொட்டியிலிருந்து என்று தெரிந்தது.

இதற்கு முன்பே, 1996-ல், அமெரிக்காவின் வர்ஜீனியா மாநிலத்தில் வீட்டுச் சாமான் கடை ஒன்றில் இதே கதை. 23 பேருக்கு நோய் உறுதியாயிற்று, இருவர் இறந்தனர். 2012-ல் இங்கிலாந்தின் ஸ்டோக்-ஆன்-ட்ரென்ட் நகரில் மொத்த விற்பனைக் கடை ஒன்றில் ஓடிய காட்சித் தொட்டியால் சுமார் 20 பேர் நோயுற்று இருவர் மாண்டனர். அந்த நிறுவனத்திற்கு 2017-ல் நீதிமன்றம் விதித்த அபராதம் பத்து லட்சம் பவுன். 2019-ல் அமெரிக்காவின் வட கரோலினா மாநிலத்தில் ஒரு பொருட்காட்சி. 130-க்கு மேற்பட்டோர் நோயுற்றனர், நால்வர் இறந்தனர். அங்கும் சந்தேகம் போய் நின்ற இடம் வெந்நீர்த் தொட்டிக் கடைகள்தான்.

இந்த நோய்க்கு லீஜியோனேர் நோய் என்று பெயர். 1976-ல் ஃபிலடெல்பியாவில் அமெரிக்க லீஜன் என்னும் முன்னாள் படைவீரர் சங்கத்தின் மாநாட்டுக்கு வந்தவர்களைத் தாக்கியதால் அப்பெயர் வந்தது. கிருமியின் பெயர் லீஜியோனெல்லா. அது தண்ணீரில் வாழ்வது. 20 முதல் 45 டிகிரி வரையிலான வெதுவெதுப்பில் பெருகுவது. வெந்நீர்த் தொட்டியை வைத்திருப்பது 37 முதல் 40 டிகிரியில். அதற்கு இதைவிடச் சொகுசான வீடு கிடையாது.

இந்தத் தண்ணீரை யாரும் குடிக்க வேண்டியதில்லை, தொட வேண்டியதுமில்லை. குமிழி மேலே வந்து உடையும்போது கண்ணுக்குத் தெரியாத திவலைகள் காற்றில் கலக்கின்றன. பக்கத்தில் நின்று விலை கேட்பவர் அதை மூச்சில் இழுத்தால் போதும். திடகாத்திரமான இளைஞருக்குப் பெரும்பாலும் ஒன்றும் ஆகாது. ஐம்பது வயது தாண்டியவர், புகைபிடிப்பவர், சர்க்கரை நோயாளி, நுரையீரல் பலவீனமானவர் ஆகியோருக்குத்தான் ஆபத்து. நாள் முழுதும் அதன் பக்கத்தில் நிற்கிற நம் கடைப் பையன்களையும், கல்லாவில் உட்கார்ந்திருக்கும் நம்மையும் இந்தக் கணக்கில் சேர்த்துக்கொள்ள வேண்டும்.

வெந்நீர்த் தொட்டி ஏன் தனி ரகம்

ஜக்குஸி என்பது ஒரு குடும்பப் பெயர் என்பது நம்மில் பலருக்குத் தெரியாது. இத்தாலியிலிருந்து கலிபோர்னியாவுக்குக் குடியேறிய ஜக்குஸி சகோதரர்கள் பம்பு வியாபாரிகள். அவர்களில் ஒருவர் வாதநோயால் துன்பப்பட்ட தம் சிறு மகனுக்காகக் குளியல் தொட்டிக்குள் இறக்கும் பம்பு ஒன்றைச் செய்தார். 1956-ல் அது விற்பனைக்கு வந்தது. தொட்டியோடு சேர்ந்தே ஜெட் வரும் ரகம் 1968-ல் வந்தது. நகல் எடுப்பதையெல்லாம் நாம் 'ஜெராக்ஸ்' என்பது போல, உலகமே குமிழித் தொட்டியை ஜக்குஸி என்று சொல்லப் பழகிவிட்டது.

இதை நீச்சல் குளத்தின் தம்பி என்று நினைத்துக் குளத்துச் சரக்கையே எடுத்துக் கொடுப்பது நம் கடைகளில் நடக்கும் முதல் தவறு. நான்கைந்து பேர் உட்காரும் தொட்டியில் தண்ணீர் ஏறத்தாழ 1,200 லிட்டர்தான் இருக்கும். நால்வர் இறங்கினால் ஆளுக்கு 300 லிட்டர். ஒரு லட்சம் லிட்டர்க் குளத்தில் இதே நெருக்கம் வர வேண்டுமானால் 300 பேருக்கு மேல் இறங்க வேண்டும்! வியர்வை, தோல் எண்ணெய், தலைக்கு வைத்த எண்ணெய், சீயக்காய், சோப்பு, பவுடர், அத்தனையும் அந்தக் கொஞ்சத் தண்ணீரில் கரைகிறது. போட்ட குளோரின் இந்த அழுக்கோடு போராடியே தீர்ந்துபோகிறது. சூட்டாலும் குமிழியாலும் இன்னொரு பங்கு ஆவியாகப் போய்விடுகிறது. காலையில் சரியாக இருந்த தண்ணீர் மாலையில் வெறும் தண்ணீர் ஆகிவிடும்.

குளிக்காத காட்சித் தொட்டியிலும் இந்தச் சூடும் குமிழியும் உண்டு. கடைத்தெருப் புழுதி விழுகிறது. குழாய்களின் உள்பக்கம் வழுவழுப்பான பாசிப்படலம் பிடிக்கிறது. கிருமி அந்தப் படலத்துக்குள் ஒளிந்துகொள்ளும். நம் நண்பர் சொன்ன 'வழுவழு' அதுதான்.

கிராம் கணக்கு

இந்தத் துறையில் எல்லா அளவையும் பி.பி.எம். என்று சொல்லுவார்கள். பத்து லட்சத்தில் ஒரு பங்கு என்று பொருள். நாம் வட்டிக் கணக்குப் போடுகிறவர்கள். இதற்குப் பயப்பட வேண்டியதில்லை. 1,000 லிட்டர் தண்ணீரில் 1 கிராம் கரைந்தால் அது 1 பி.பி.எம். அவ்வளவுதான். தொட்டி எத்தனை லிட்டர் என்று தெரிந்தால் மீதி மனக்கணக்கு. வாங்க வருகிறவரிடம் முதலில் கேட்க வேண்டிய கேள்வியும் இதுவே. அவருக்குத் தெரியாவிட்டால், நீளம், அகலம், தண்ணீர் நிற்கும் உயரம் மூன்றையும் மீட்டரில் பெருக்கி ஆயிரத்தால் பெருக்கினால் லிட்டர் வரும். உள்ளே இருக்கைகள் இடத்தை அடைப்பதால் அதில் கால் பங்கைக் கழித்துக்கொண்டால் ஓரளவு சரியாக இருக்கும்.

வெந்நீர்த் தொட்டியில் நிற்க வேண்டிய கிருமிக்கொல்லிக் குளோரின் குறைந்தது 3 பி.பி.எம். என்று அமெரிக்க அரசின் நோய்த்தடுப்பு மையம் கூறுகிறது. புரோமின் வில்லை போடுகிறவருக்கு 4 முதல் 8 வரை. சூட்டில் புரோமின் சற்று நின்று பிடிக்கும், வாடையும் குறைவு, விலைதான் அதிகம்.

குளோரின் சரக்கு எல்லாவற்றுக்கும் ஒரே பலம் கிடையாது. நம் மளிகைக் கடைகளில் கிடைக்கும் பிளீச்சிங் பவுடரில், நல்ல சரக்காக இருந்தால், நூற்றுக்கு 30-க்கு மேல் குளோரின் உண்டு. கால்சியம் ஹைப்போ என்னும் உயர்ரகத்தில் 65 முதல் 70 வரை. டைகுளோர் குருணையில் சுமார் 56. திரவ ஹைப்போவில் புதிதாக இருக்கும்போது 10 முதல் 12. ஆகவே 1,000 லிட்டரில் 3 பி.பி.எம். ஏற்ற, கால்சியம் ஹைப்போ என்றால் நாலரை கிராமும், டைகுளோர் என்றால் ஐந்தரை கிராமும், பிளீச்சிங் பவுடர் என்றால் பத்து கிராமும் வேண்டும். டீஸ்பூன் கணக்கு! சாக்குக் கணக்கில் விற்றுப் பழகிய நமக்கு இது வேடிக்கையாக இருக்கும். 'கொஞ்சம் கூடப் போடுங்கள்' என்று சொல்லி அனுப்பும் பழக்கத்தை இந்தச் சரக்கில் விட்டுவிட வேண்டும்.

பி.எச். பார்க்காமல் குளோரின் விற்காதீர்

பாடத்தின் நடு முடிச்சு இது. சற்றுப் பொறுமையாகப் படிக்கவும்.

தண்ணீர் புளிப்புப் பக்கமா, காரப் பக்கமா என்பதைக் காட்டும் எண் பி.எச். 7 நடுநிலை. தொட்டிக்கு 7.2 முதல் 7.8 வரை ஏற்றது. இது கண்ணெரிச்சலுக்காக மட்டும் சொல்வதென்று பலர் நினைக்கிறார்கள். தண்ணீரில் கரைந்த குளோரின் இரண்டு உருவில் இருக்கும். ஒன்று கிருமியை உடனே கொல்லும் சுறுசுறுப்பான உருவம், மற்றது சோம்பேறி. எது எவ்வளவு என்பதைத் தீர்மானிப்பது பி.எச். அது 7.2-ல் இருந்தால் போட்ட குளோரினில் மூன்றில் இரண்டு பங்கு வேலை செய்யும். 7.5-ல் பாதி. 8-ல் ஏறக்குறைய கால் பங்கு. 8.2-க்குப் போனால் ஆறில் ஒரு பங்குதான். மீதியெல்லாம் தண்டச் சம்பளம்.

இந்தத் தொட்டியில் பி.எச். தானாகவே ஏறிக்கொண்டிருக்கும் என்பதுதான் சங்கடம். சோடா பாட்டிலைக் குலுக்கினால் வாயு வெளியேறுகிறதல்லவா? அதுபோலக் குமிழி விடும்போது தண்ணீரில் கரைந்திருந்த கரியமில வாயு போய்விடுகிறது. அது போனால் புளிப்புக் குறையும், பி.எச். ஏறும். யாரும் தப்புச் செய்யாமலே வாரக் கடைசியில் 8-ஐத் தாண்டி நிற்கும்.

வாடிக்கையாளர் வந்து "தண்ணீர் கலங்குகிறது, பவர் பத்தவில்லை, இன்னும் ஒரு டப்பா கொடுங்கள்" என்பார். நாமும் மகிழ்ச்சியாகக் கொடுப்போம். அடுத்த வாரம் மறுபடி வருவார். மூன்றாவது வாரம் வரமாட்டார். சரக்கு போலி என்று ஊரெல்லாம் சொல்லிக்கொண்டிருப்பார். பி.எச். இறக்கும் பவுடர் ஒரு சிட்டிகை கொடுத்திருந்தால் முதல் டப்பாவே போதுமாயிருந்திருக்கும். அந்தப் பவுடரின் பெயர் சோடியம் பைசல்பேட். 'உலர் அமிலம்' என்றும் விற்கிறார்கள். பி.எச். மிகவும் இறங்கிவிட்டால் ஏற்றுவதற்கு வாஷிங் சோடா. 7-க்குக் கீழே நெடுநாள் நின்றால் ஹீட்டர், பம்பின் உலோகப் பாகம் அரித்துப்போகும்.

பி.எச். துள்ளாமல் பிடித்து வைப்பது காரத்தன்மை எனப்படும் இன்னொரு அளவு. 80 முதல் 120 பி.பி.எம். இருந்தால் நல்லது. குறைந்தால் பி.எச். நிலைகொள்ளாது; மிகுந்தால் மேல்நோக்கியே இழுக்கும். ஏற்றுவதற்கு வேண்டியது நம் ஆப்ப சோடாதான். 1,000 லிட்டருக்கு 17 கிராம் போட்டால் 10 பி.பி.எம். ஏறும். வண்ண டப்பாவில் பெரிய பெயர் ஒட்டி வருவதில் பலவும் இதே ஆப்ப சோடாதான். விலை வித்தியாசத்தை வாடிக்கையாளரிடம் மறைக்காமல் சொல்பவருக்கே அவர் திரும்பி வருவார் என்பது என் அனுபவம். முதலில் காரத்தன்மையைச் சரிசெய்து, பிறகு பி.எச்., கடைசியில் குளோரின் என்ற வரிசையையும் சொல்லி அனுப்புங்கள்.

உப்புத் தண்ணீர்க் கதை

தண்ணீரின் கடினத்தன்மை 150 முதல் 250 வரை இருப்பது தொட்டிக்கு நல்லது. நம் ஊர்களில் பலவற்றில் ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீர் 500-ஐச் சாதாரணமாகத் தாண்டும். பருப்பு வேகாத தண்ணீர் என்று வீட்டில் சொல்வார்களே, அது. அதைச் சூடாக்கினால் பாத்திரத்தில் வெள்ளையாகப் படிவது போல ஹீட்டர் கம்பியிலும் படியும். ஹீட்டர் எரிந்துபோனபின் நம்மிடம்தான் சண்டைக்கு வருவார்கள். இப்படிப்பட்ட தண்ணீருக்கு பிளீச்சிங் பவுடரும் கால்சியம் ஹைப்போவும் சுண்ணாம்பையே மேலும் சேர்ப்பவை. பிளீச்சிங் பவுடர் அடியில் வண்டலும் விடும். அங்கே திரவ ஹைப்போ மேல்.

இதற்கு நேர் எதிராக, ஆர்.ஓ. அல்லது சாஃப்ட்னர் தண்ணீரை மட்டும் ஊற்றுகிறவரும் உண்டு. அது நுரை தள்ளும், உலோகத்தை அரிக்கும். இரண்டு தண்ணீரையும் கலந்து அளவுக்குக் கொண்டுவருவதே சிக்கனம்.

எந்தக் குளோரினைக் கொடுப்பது

நீச்சல் குளத்துக்குப் போடும் பெரிய டிரைகுளோர் வில்லையை வெந்நீர்த் தொட்டிக்குக் கொடுக்கவே கூடாது. அது கடும் புளிப்பு; ஒரே இடத்தில் கிடந்து தொட்டியின் மேற்பூச்சைத் தின்றுவிடும். டைகுளோர் குருணை நன்றாகக் கரையும், கையாள எளிது, ஆகவே விற்பனையும் எளிது. ஆனால் இரண்டிலும் சயனூரிக் அமிலம் என்ற ஸ்டெபிலைசர் கூடவே வருகிறது. திறந்தவெளிக் குளத்தில் வெயிலுக்குக் குடைபோல அது குளோரினைக் காக்கும். வெந்நீர்த் தொட்டியில் அது சேர்ந்துகொண்டே போய், குளோரின் கையைப் பின்னால் கட்டிவிடும். டைகுளோர் மூலம் 1 பி.பி.எம். குளோரின் போடும்போதெல்லாம் இதுவும் சுமார் 0.9 ஏறுகிறது. தினம் 3 பி.பி.எம். போட்டால் ஒரு மாதத்தில் 80 ஆகிவிடும். குளோரின் ஆவியாகிவிடும், இது ஆகாது. தண்ணீரை வடித்தால்தான் போகும். மேற்சொன்ன நோய்த்தடுப்பு மையம் வெந்நீர்த் தொட்டிக்கு ஸ்டெபிலைசர் கலந்த குளோரினே வேண்டாம் என்கிறது. என் கருத்தும் அதுவே. கட்டாயம் கேட்கிறவருக்கு, தண்ணீரை மாற்ற வேண்டிய நாளை டப்பாவின் மேல் எழுதிக் கொடுங்கள்.

அந்த நாளுக்கும் கணக்கு உண்டு. தொட்டியின் லிட்டரை 11-ஆல் வகுத்து, தினம் குளிப்பவர் எண்ணிக்கையால் மறுபடி வகுத்தால் வருவது நாள். 1,200 லிட்டர், நான்கு பேர் என்றால் 27 நாள். வாரக்கடைசியில் மட்டும் பயன்படுத்தும் வீட்டில் மூன்று மாதம் வரை ஓட்டலாம். தண்ணீர் கெட்டால் அதற்கு முன்பே.

இன்னொரு தவறான நம்பிக்கையையும் களைய வேண்டும். 'குளோரின் வாடை மூக்கைத் துளைக்கிறது, அதிகமாகப் போட்டுவிட்டோம்' என்று சொல்லிக்கொண்டு வருவார்கள். பெரும்பாலும் உண்மை தலைகீழ். அழுக்கோடு சேர்ந்து செத்துப்போன குளோரினின் வாடை அது, குளோராமின் என்பார்கள். அங்கே தேவை இன்னொரு நல்ல டோஸ். மூடியைத் திறந்துவைத்து, ஆள் இறங்காத நேரத்தில் போட வேண்டும். இதை மூக்கால் அறிய முடியாது, சோதனைப் பெட்டியால்தான் அறிய முடியும். நகராட்சிக்காரர்கள் குடிநீரைப் பார்க்கும் மஞ்சள் நிறச் சொட்டு, செத்த குளோரினையும் உயிருள்ளதையும் சேர்த்துக் காட்டிவிடும். இளஞ்சிவப்பு நிறம் காட்டும் டி.பி.டி. மாத்திரைப் பெட்டியே இதற்குச் சரி. காகிதப் பட்டையும் உண்டு; மழைக்காலத்து ஈரத்தில் டப்பா மூடி திறந்திருந்தால் பொய் சொல்லும். சோதனைப் பெட்டி வாங்காதவருக்குக் குளோரின் விற்பதில்லை என்று நான் ஒரு வழக்கம் வைத்திருக்கிறேன். இதனால் போன வியாபாரத்தைவிட வந்த வியாபாரம் அதிகம்.

வீட்டாருக்குச் சொல்ல வேண்டியது சுருக்கமாக: இறங்கும் முன் சோப்பு போட்டுக் குளித்து, தலை எண்ணெயைக் கழுவிவிட்டு வரவேண்டும். எண்ணெய்க் குளியலன்று தொட்டிப் பக்கமே போக வேண்டாம். வடிகட்டியை வாரம் ஒருமுறை எடுத்துக் குழாய் நீரில் அலச வேண்டும். பாத்திரம் தேய்க்கும் சோப்பு ஆகாது, நுரை தீராது. சூடு 40 டிகிரிக்கு மேல் வேண்டாம். கர்ப்பிணிகளும் இருதய நோயாளிகளும் மருத்துவரைக் கேட்காமல் இறங்கக் கூடாது. ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகள் இறங்கவே கூடாது. குளித்த மறுநாள் உடலில் துணி மூடியிருந்த இடத்தில் சிவந்த பருக்கள் வந்தால், அது தண்ணீரில் கிருமி இருப்பதற்கான அடையாளம். வேனல் கட்டி என்று விட்டுவிட வேண்டாம்.

கிடங்கில் கவனம்

குளோரின் சரக்கில் ஆபத்து, விற்ற பின்பு மட்டுமல்ல. சில ஆண்டுகளுக்கு முன் எங்கள் கிடங்கில் புதிதாகச் சேர்ந்த பையன், டிரைகுளோர் டிரம்மில் போட்ட அதே அகப்பையால் கால்சியம் ஹைப்போ அள்ளினான். வேர்வைக் கையின் ஈரமும் சேர்ந்திருக்க வேண்டும். சில நிமிடத்தில் புகை கிளம்பிற்று. டிரம்மை வெளியே உருட்டித் தள்ளிவிட்டதால் பிழைத்தோம். இரண்டும் குளோரின்தானே என்று நினைத்தது அவன் தவறல்ல, சொல்லித் தராத என் தவறு. இவ்விரண்டும் கலந்தால் தீப்பிடிக்கும், வெடிக்கவும் கூடும். தனித்தனி அலமாரி, தனித்தனி அகப்பை, அகப்பையின் காம்பில் தனித்தனி வர்ணம் என்று அன்றே மாற்றினேன்.

ஆசிட் பாட்டிலை எந்தக் குளோரின் சரக்கின் பக்கத்திலும் வைக்கக் கூடாது. கழிவறை கழுவும் ஆசிட்டும் பிளீச்சிங் பவுடரும் சேர்ந்தால் வருவது நச்சு வாயு. சின்ன அறையில் ஆளைச் சாய்த்துவிடும். திரவச் சரக்கு கீழ்த்தட்டில், தூள் சரக்கு மேல்தட்டில் இருக்க வேண்டும். ஒழுகினாலும் தூளின் மேல் விழாது. மண்ணெண்ணெய், பெயிண்ட், எண்ணெய், உரம், சாக்கு, வைக்கோல் எதுவும் அருகில் வேண்டாம். கரைக்கும்போது வாளித் தண்ணீரில் மருந்தைப் போட வேண்டும், மருந்தின் மேல் தண்ணீரை ஊற்றக் கூடாது. ஒரு வாளியில் ஒரே மருந்து.

மளிகைக் கடை அன்பர்களுக்குத் தனியாக ஒரு வார்த்தை. பிளீச்சிங் பவுடரைச் சில்லறையாக வெள்ளைப் பாலிதீனில் கட்டி, ரப்பர் பேண்டு போட்டு, மைதா, கோலமாவு பொட்டலங்களோடு தொங்கவிடுவதைப் பல ஊர்களில் பார்த்திருக்கிறேன். பெயரும் தேதியும் எழுதிய சீட்டு ஒட்டாமல் ஒரு பொட்டலமும் வெளியே போகக் கூடாது. உணவுச் சரக்குள்ள வரிசையில் அது இருக்கவும் கூடாது. கட்டி வைத்த பொட்டலத்தில் வீரியமும் வாரத்துக்கு வாரம் குறையும். தகரக் கூரைக் கிடங்கில் கோடை முழுதும் கிடந்த திரவ ஹைப்போவில் பாதி பலம் கூட இருக்காது. முதலில் வந்த சரக்கை முதலில் விற்றுவிடுவதே வழி. வாங்கும்போது உற்பத்தித் தேதி பார்த்து வாங்குங்கள். மலிவாகக் கிடைக்கும் பழைய சரக்கு மலிவே அல்ல.

முகப்புத் தொட்டிக்கு வருவோம்

தண்ணீர் விட்டுத்தான் காட்டுவேன் என்கிற கடைக்காரர், பத்துப் பேர் தினம் குளிக்கும் தொட்டிக்குச் செய்யும் அத்தனையும் செய்தாக வேண்டும். பிரிட்டன் அரசின் பாதுகாப்புத் துறை 2017-ல் வெளியிட்ட வழிகாட்டியும் காட்சித் தொட்டியைக் குளிக்கும் தொட்டியோடு சேர்த்தே வைத்துப் பேசுகிறது. காலையில் கடை திறந்ததும், பிற்பகலிலும் குளோரினும் பி.எச்.சும் சோதித்து, ஒரு நோட்டில் நேரத்தோடு எழுதிக் கையெழுத்திட வேண்டும். அளவு குறைந்தால் முதலில் குமிழியை நிறுத்த வேண்டும், பிறகுதான் மருந்து. ஒரு நாள் கூட விடக் கூடாது. ஞாயிறு விடுமுறையும் தீபாவளியும் இதற்குக் கிடையாது. அப்படி ஆள் போட்டுப் பார்க்க இயலாதவர் தொட்டியை உலர்ந்தபடியே காட்டட்டும். வடித்தால் மட்டும் போதாது, வளைந்த குழாய்களில் தண்ணீர் தங்கும். தயாரிப்பாளர் கையேட்டில் சொன்ன முறையில் குழாயைக் கழுவி, காற்றடித்து உலர்த்தி, வடிகட்டியைக் கழற்றி அப்புறப்படுத்திவிட்டே அடுத்த விற்பனைக்கு வைக்க வேண்டும்.

நம் உறுப்பினரிடம் இதையெல்லாம் சொன்னேன். அவர் முகம் சற்று வாடித்தான் போயிற்று. அவருடைய தகப்பனாருக்கு எழுபது வயது. தினமும் காலையில் அந்தத் தொட்டிக்கு எதிரே நாற்காலி போட்டு உட்கார்ந்து பேப்பர் படிப்பவர். மறுநாள் தொலைபேசியில் கூப்பிட்டு, தண்ணீரை இரவே வடித்துவிட்டதாகச் சொன்னார். குமிழி ஓடுவதைப் படமெடுத்து, தொட்டிக்குப் பின்சுவரில் டி.வி.யில் ஓடவிடப் போகிறாராம். குழாய் கழுவும் மருந்து எங்கே கிடைக்கும் என்று கேட்டார், கொடுத்தனுப்பியிருக்கிறேன்.